கடல் பாதுகாப்புச் சங்கத்தின் செயற்குழுவில் யார் உட்கார வேண்டும்?

உப்பளக்காற்று (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். வேதாரண்யம் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். எங்கள் பகுதியில் ஒரு சின்னப் பதிவு பெற்ற சங்கம் இருக்கிறது. தை தொடங்கிப் பங்குனி வரை, வனத்துறை அனுமதியோடு பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி கடலாமை) முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்ப்பார்கள். மற்ற மாதங்களில் அலையாத்தி நாற்று நடுவது, பள்ளிகளில் வகுப்பு எடுப்பது, கடற்கரையில் கிழிந்த வலைகளைப் பொறுக்குவது. பெயர் வேண்டாம், ஊர்க்காரர்களுக்குப் புரிந்துவிடும்.

பொருளாளர் வெளியூர் போய்விட்டார். அந்த இடத்துக்கு வரச் சொல்லிச் செயலாளர் என்னைக் கேட்கிறார். தீர்மானப் புத்தகத்தைக் கொடுங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். கொடுத்தார். செயற்குழுவில் ஏழு பேர். தலைவர் சென்னையில் இருக்கும் டாக்டர், செயலாளரின் மைத்துனர். துணைத் தலைவர் திருத்துறைப்பூண்டியில் நகைக்கடை வைத்திருக்கிறார். செயலாளரின் மனைவி ஒரு உறுப்பினர். மீனவ ஊர்க்காரர் என்று இருவர். அதில் ஒருவர் சிங்கப்பூர் போய்ப் பல வருடமாகிறது, ஆனாலும் எல்லாக் கூட்டத்திலும் அவர் கையெழுத்து இருக்கிறது.

செயலாளர் மோசமான ஆள் இல்லை. நடுராத்திரி டார்ச்சை எடுத்துக்கொண்டு மணலில் நடப்பவர் அவர்தான். பெட்ரோல் காசுகூடப் பல நேரம் அவர் கையிலிருந்துதான் போகிறது.

இப்போது ஒரு கம்பெனி சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) பணம் தருவதாகச் சொல்கிறது. நிர்வாகக் குழு ஒழுங்காக இருக்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. செயலாளரின் யோசனை: சங்கம் அப்படியே இருக்கட்டும், புதிதாக ஒரு டிரஸ்ட் பதிவு செய்துகொள்வோம், தேர்தல் தொல்லையே வராது. மீனவர்களைக் கூடுதலாகச் சேர்க்கலாமே என்று கேட்டால், "ஊர் அரசியல் உள்ளே வந்துடும் சார்" என்கிறார்.

நான் இந்தப் பதவியை ஏற்கலாமா? குழுவில் யார் யார் இருக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

நாகை_கணக்கு

ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், இந்த மாதிரிக் கோப்புகள் அடிக்கடி வரும். முதலில் சட்டம்.

சங்கம் என்றால் அது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-க்குள் வரும். செயற்குழுவில் குறைந்தது மூன்று பேர் வேண்டும். ஒருவரின் பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது, மறுபடி தேர்ந்தெடுக்கத் தடையில்லை. குழுவில் ஆள் மாறினால் படிவம் 7-இல் மாவட்டப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டி வரவு செலவை வைக்க வேண்டும். இதையெல்லாம் வருடக்கணக்கில் செய்யாமல் விட்டுவிட்டு, பணம் வரும் நேரத்தில் ஓடி வருபவர்கள்தான் எங்களுக்கு அதிகம்.

டிரஸ்ட் வேறு கதை. பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால் முடிந்தது. பொதுக்குழு கிடையாது, பத்திரத்தில் எழுதி வைத்தால் ஆயுள் முழுக்க அறங்காவலர். மகாராஷ்டிராவில் இருப்பது போலப் பொது அறக்கட்டளைகளுக்கென்று தனிச் சட்டமும் அறக்கட்டளை ஆணையரும் தமிழ்நாட்டில் இல்லை. யாராவது கேள்வி கேட்க வேண்டுமென்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-வது பிரிவில், நீதிமன்ற அனுமதி வாங்கி வழக்குப் போட வேண்டும். உங்கள் செயலாளருக்கு ஏன் டிரஸ்ட் பிடிக்கிறது என்று இப்போது புரியும்.

ஆனால் அவர் கணக்கில் ஒரு ஓட்டை. சிஎஸ்ஆர் பணத்தை வெளி அமைப்பு ஒன்று வாங்க வேண்டுமானால், அதே மாதிரி வேலையில் குறைந்தது மூன்று வருட அனுபவம் காட்ட வேண்டும். வருமான வரித்துறையின் வரிவிலக்குப் பதிவுகள் (12ஏ, 80ஜி என்பார்கள்) வேண்டும். கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டு எண் வாங்கியிருக்க வேண்டும், இது 2021 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். நேற்றுப் பிறந்த டிரஸ்டுக்கு அந்த மூன்று வருடம் எங்கிருந்து வரும்? சங்கத்தை ஒழுங்குபடுத்துவதுதான் குறுக்கு வழியும்கூட.

---

ஓய்வுபெற்ற_காசாளர்

மேலே சொன்னது சரி. நான் மயிலாடுதுறையில் வங்கியில் இருந்தவன், இரண்டு தொண்டு நிறுவனங்களில் பொருளாளராகவும் இருந்திருக்கிறேன்.

தம்பி, பதவியை ஏற்கும் முன் வங்கிக் கணக்கில் யார் யார் கையெழுத்து என்று பாருங்கள். செயலாளர் மட்டும் போதும் என்று இருந்தால், இருவர் கையெழுத்து என்று மாற்றும் தீர்மானம் முதலில், உங்கள் பதவி அப்புறம். செயலாளரும் அவர் மனைவியும்தான் அந்த இருவர் என்றால் அது ஒரு கையெழுத்துத்தான்.

சொந்தப் பணம் போடுகிறார் என்கிறீர்கள். பாராட்டு ஒருபுறம். அது நன்கொடையா, கடனா? ஏட்டில் எப்படி ஏறியிருக்கிறது? நல்லவர்கள் நடத்தும் சங்கங்களில் நான் பார்த்த சண்டைகளில் பாதி இதில்தான் தொடங்கியது. பணமே இல்லாத காலத்தில் யாரும் பேச மாட்டார்கள். பெரிய தொகை வந்ததும், "நான் போட்டதை எடுத்துக்கிறேன்" என்பார். அவர் பக்கம் நியாயம் இருக்கும், காகிதம் இருக்காது.

உறவுக்காரர்கள் விஷயத்தில் வருமான வரித்துறை பொல்லாதது. நிர்வாகிகளுக்கோ அவர்கள் சொந்தங்களுக்கோ நியாயமான அளவுக்கு மேல் சங்கப் பணம் போனால் வரிவிலக்கே ஆட்டம் காணும். மச்சினன் வண்டியை வாடகைக்கு எடுப்பது தப்பில்லை. சந்தை வாடகை என்ன, அந்தத் தீர்மானத்தின்போது மச்சினன் வெளியே போனாரா, இரண்டும் புத்தகத்தில் இருக்க வேண்டும்.

வெளிநாட்டுப் பணம் வரும் எண்ணம் இருந்தால் இன்னும் கெடுபிடி. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது (முன்பு 50). பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரவும் முடியாது. சென்னை அமைப்பு ஒன்று வாங்கி நாகையில் நாலு சின்னச் சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுத்த காலம் முடிந்தது.

---

கீச்சாங்குப்பத்தான்

எல்லாரும் படிவம், பிரிவு என்று பேசுகிறீர்கள். "ஊர் அரசியல் உள்ளே வந்துடும்" என்று அந்த ஐயா சொன்னாரே, அதை யாரும் தொடவில்லை.

எங்கள் ஊரில் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வந்த தொண்டு நிறுவனங்களை எண்ண முடியாது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள், அந்த நேரத்தில் கை கொடுத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அடுத்த வருடம் ஃபைபர் படகு கொடுத்தார்கள் பாருங்கள். படகு வைத்திருந்தவனுக்கும் கொடுத்தார்கள், படகே ஓட்டாதவனுக்கும் கொடுத்தார்கள். போட்டி போட்டுக்கொண்டு கொடுத்ததில் சுனாமிக்கு முன்னால் இருந்ததைவிடக் கரையில் படகு கூடிப்போனது. அதே கடல், அதே மீன், படகு மட்டும் அதிகம். இதை முடிவு செய்த போர்டு மீட்டிங் எந்த ஊரில் நடந்தது? எங்கள் ஆள் ஒருத்தன் அங்கே உட்கார்ந்திருந்தால் "படகு போதும், கட்டுமர ஆளுக்கு வலை கொடு" என்று சொல்லியிருப்பான்.

அரசியல் வரும் என்கிறார். இப்போது இருப்பது என்ன? மைத்துனர் தலைவர், மனைவி உறுப்பினர். அது குடும்ப அரசியல் இல்லையா?

அப்புறம் ஒரு விஷயம் வெளியாட்களுக்குத் தெரியாது. எங்களிடம் ஆள் கேட்பதில் இரண்டு வழி இருக்கிறது. நீங்களாகப் பார்த்து "இவர் நல்லா பேசுறார்" என்று ஒருவரைச் சேர்த்தால், ஊர் அவரை உங்கள் ஆளாகத்தான் பார்க்கும். அவர் ஒத்துக்கொண்டதற்கு ஊர் கட்டுப்படாது. ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் முறையாகக் கேட்டு, அவர்கள் ஊர்க்கூட்டத்தில் வைத்து ஒருவரை அனுப்பினால், அவர் திரும்பி வந்து ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆமை சீசனில் கடலின் இந்தப் பகுதியில் வலை விட வேண்டாம் என்று உங்கள் சங்கம் முடிவு செய்தால், அது நடக்குமா நடக்காதா என்பது இதில்தான் இருக்கிறது.

---

கூடைக்காரி_மகள்

கீச்சாங்குப்பம் அண்ணன் சொன்னதில் பாதி சரி.

ஊர்ப் பஞ்சாயத்து ஆள் அனுப்பினால் யார் வருவார்? ஆண். ஊர்வரி கட்டுபவர் குடும்பத்து ஆண், பஞ்சாயத்தில் உட்காருபவரும் ஆண். எங்கள் அம்மா நாகை ஏலத்தில் மீன் எடுத்துத் திருவாரூர் வரை பஸ்ஸில் கொண்டுபோய் விற்றவர். எந்த மீன் சிறுத்துக்கொண்டே வருகிறது, எந்த மாதம் சினை மீன் கூடையில் விழுகிறது, எல்லாம் அவருக்குத் தெரியும். ஊர்க்கூட்டத்தில் அவருக்குப் பேச்சு இல்லை. ஊர்ப் பஞ்சாயத்து வழியாக மட்டும்தான் ஆள் என்றால், உங்கள் சங்கமும் அந்தக் கதவைப் பூட்டிக்கொள்கிறது.

ஊர் அனுப்பும் ஆள் இருக்கட்டும். மீன் விற்கும் பெண்களுக்கும் கருவாடு போடும் பெண்களுக்கும் தனியாக இரண்டு இடம் துணைவிதியிலேயே எழுதுங்கள். ஒன்று வேண்டாம், இரண்டு. ஒரே ஒரு பெண்ணை உட்கார வைத்தால் அவர் டீ வாங்கி வரச் சொல்லும் ஆளாகிவிடுவார், பார்த்திருக்கிறேன்.

கூட்டம் எப்போது நடக்கிறது என்றும் பாருங்கள். காலை பதினொரு மணி என்று போட்டால் பெண்கள் மார்க்கெட்டில் இருப்பார்கள். ஃபைபர் படகுக்காரர்கள் விடியும் முன் போய்விட்டு வந்து அப்போதுதான் படுத்திருப்பார்கள். வருபவர்கள் நகைக்கடைக்காரரும் வாத்தியாரும்தான். "அழைத்தோம், வரவில்லை" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடலாம், வசதியாக.

---

கீச்சாங்குப்பத்தான்

தங்கச்சி சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் துணைவிதியில் எழுதிவிட்டு எங்கள் பஞ்சாயத்தாரிடம் சொல்லாமல் விட்டால், அந்தப் பெண்களுக்குத்தான் ஊரில் பேச்சு விழும். முன்கூட்டியே போய் உட்கார்ந்து பேசிவிட்டுச் செய்யுங்கள்.

---

கூடைக்காரி_மகள்

பேசுங்கள், ஆனால் அனுமதி கேட்காதீர்கள். இரண்டும் வேறு.

---

நெய்தல்_மாணவன்

கடல் உயிரியல் படிக்கிறேன், பரங்கிப்பேட்டையில். குழுவில் விஞ்ஞானி ஒருவர் வேண்டும் என்று சொல்லத்தான் வந்தேன், ஆனால் யோசித்தால் அவர் ஓட்டுப் போட வேண்டியதில்லை. கேள்வி கேட்க ஒருவர் இருந்தால் போதும்.

ஆமைச் சங்கங்களின் ஆண்டறிக்கையில் எப்போதும் ஒரே படம்: குழந்தைகள், கூடை, குஞ்சுகள் கடலுக்கு ஓடுவது, கீழே "இத்தனை ஆயிரம் குஞ்சுகள் விடப்பட்டன". செயற்குழுவும் கைதட்டிக் கலைந்துவிடும். எத்தனை முட்டை வைத்தார்கள், அதில் எத்தனை பொரிந்தன என்று யாரும் கேட்பதில்லை. எடுத்த முட்டைகளில் எவை இருந்த இடத்திலேயே பாதுகாப்பாகப் பொரிந்திருக்கும்? பொரிப்பகத்தில் நிழல் வலை போட்டார்களா? ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. 29, 30 டிகிரியைத் தாண்டத் தாண்டப் பெண் குஞ்சு கூடிக்கொண்டே போகும். சித்திரை வெயிலில் நிழலில்லாமல் ஒரு பொரிப்பகத்தை நடத்தினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நிர்வாகக் குழுவின் வேலை இந்த மாதிரிக் கேள்விகளைக் கேட்பது. இரவில் நடப்பது தன்னார்வலர்களின் வேலை.

பெரிய அமைப்பு முறை இல்லாமலும் நடத்தலாம் என்பதற்கும் உதாரணம் உண்டு. சென்னையில் மாணவர்கள் 1988-இல் தொடங்கிய கடல் ஆமைப் பாதுகாப்பு வலையமைப்பு இன்றும் தன்னார்வலர்களை நம்பித்தான் ஓடுகிறது. ஆனால் அங்கே ஒவ்வொரு வருடமும் புது ஆட்கள் வருகிறார்கள், பழைய ஆட்கள் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்து இடம் விடுகிறார்கள். இங்கே ஒருவரே எல்லாம். அவருக்கு நாளை உடம்பு சரியில்லை என்றால் என்ன செய்வீர்கள்?

கடைசியாக ஒன்று. கரையில் செத்து ஒதுங்கும் ஆமைகள் பெரும்பாலும் வலையில் மூச்சு முட்டிச் சாகின்றன. விசைப்படகு உரிமையாளர் ஒருவர் குழுவில் இருந்தால் சங்கம் அதைப் பற்றி வாயைத் திறக்குமா?

---

அக்கரை_விசை

கடைசி வரிக்குத்தான் வந்தேன். எனக்கு விசைப்படகு இருக்கிறது, அக்கரைப்பேட்டை.

வருடா வருடம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்று 61 நாள் நாங்கள்தான் படகைக் கட்டிப்போட்டு உட்காருகிறோம். டீசலுக்கு வாங்கிய கடன் மட்டும் ஓய்வு எடுப்பதில்லை. ஆமை எங்கள் இழுவலையில் மட்டுமா சாகிறது? மீன் செவுளில் மாட்டும் செவுள் வலையில் சாகவில்லையா? எங்களை வெளியே வைத்துவிட்டு எங்களைப் பற்றித் தீர்மானம் போட்டால், காகிதத்தில் நன்றாக இருக்கும். வலையில் ஆமை தப்பிக்கும் கருவியைப் பொருத்தலாமா, பொருத்தினால் எவ்வளவு மீன் வெளியே போகிறது என்று எங்கள் படகில் வந்து பாருங்கள். அதைப் பேசுவதற்காவது எங்களில் ஒருவர் வேண்டும்.

---

நெய்தல்_மாணவன்

செவுள் வலை பற்றிச் சொன்னது உண்மை, அண்ணே. உங்கள் படகில் வர நான் தயார். ஆனாலும் என் கேள்வி அப்படியேதான் நிற்கிறது. அந்தத் தீர்மானத்துக்கு ஓட்டு எடுக்கும்போது நீங்கள் அறையில் இருப்பீர்களா?

---

ஓய்வுபெற்ற_காசாளர்

இதற்குத்தான் நலன் முரண் பதிவேடு என்று ஒன்று வைப்பது. ஆண்டுத் தொடக்கத்தில் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் எழுதிக் கொடுக்க வேண்டும்: எனக்கு விசைப்படகு இருக்கிறது, என் தம்பிக்கு இறால் பண்ணை இருக்கிறது, என் மருமகன் நன்கொடை தரும் கம்பெனியில் வேலை பார்க்கிறான். எழுதிக் கொடுத்தவர் விவாதத்தில் பேசலாம், விஷயம் தெரிந்தவர் அவர்தான். ஓட்டு எடுக்கும்போது எழுந்து வெளியே போக வேண்டும். யாரையும் ஒதுக்க வேண்டியதில்லை. வேதாரண்யம் பக்கம் எந்தத் தொழிலும் இல்லாத, யாருக்கும் சொந்தமில்லாத ஏழு பேரைத் தேடினால் கிடைக்கவும் மாட்டார்கள்.

---

பட்டினச்சேரி_72

இறால் பண்ணை என்றதும் எனக்கு வேறு ஞாபகம் வந்தது. தொண்ணூறுகளில் நம் டெல்டாவில் வயலையும் உப்பளத்தையும் வெட்டிப் பண்ணை போட்டபோது உச்ச நீதிமன்றம் வரை போனவர் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன். 1996 டிசம்பர் 11-இல் தீர்ப்பு வந்தது. பாரம்பரிய முறை தவிர, கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இறால் குட்டை கூடாது என்றது நீதிமன்றம். அப்புறம் 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து நிலைமை மாறியது தனிக் கதை.

இன்று ஒரு சங்கம் அந்த மாதிரி வழக்குக்குப் போக நினைத்தால், செயற்குழு தீர்மானம் வேண்டும். உங்கள் ஏழு பேரில் எத்தனை பேர் கை தூக்குவார்கள்? சங்கத்தின் நிர்வாகம் எப்படி என்று பார்க்க எனக்கு இந்த ஒரு கேள்வி போதும்.

எங்கள் பட்டினச்சேரி கடற்கரையில் 2023 மார்ச்சில் கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்தது தெரிந்திருக்கும். ஊரே கடலுக்குப் போகாமல் நின்றது. அப்போது எத்தனை "கடல் பாதுகாப்பு" அமைப்புகள் வந்து எங்கள் பக்கம் நின்றன என்று நான் சொல்லப் போவதில்லை. வராதவர்களில் சிலருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் பாருங்கள். உங்கள் சிஎஸ்ஆர் கம்பெனி என்ன தொழில் செய்கிறது, உப்பளக்காற்று சார்? அதை நீங்கள் சொல்லவேயில்லை.

---

உப்பளக்காற்று

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. கம்பெனி கடல் உணவு ஏற்றுமதி. பெயர் வேண்டாம்.

நாகை_கணக்கு சொன்ன மூன்று வருட விஷயத்தைச் செயலாளரிடம் காட்டினேன். டிரஸ்ட் யோசனை அதோடு நின்றது. மீனவர்கள் விஷயத்தில் இன்னும் தயங்குகிறார். "ரெண்டு ஊர்ல ஆள் எடுத்தா மூணாவது ஊர் கோவிச்சுக்கும், சுருக்குமடி (மீன் கூட்டத்தை வளைத்துச் சுருக்கும் பெரிய வலை) சண்டை இங்க வந்து உட்காரும்" என்கிறார். அந்தப் பயத்தில் உண்மை இல்லை என்று சொல்ல முடியவில்லை.

---

பட்டினச்சேரி_72

ஏற்றுமதிக் கம்பெனி ஆமைக்குப் பணம் தருகிறது. சந்தோஷம். ஆமை தப்பிக்கும் கருவி இல்லாத இழுவலையில் பிடித்த இறாலை அமெரிக்கா வாங்க மறுப்பது ஏற்றுமதிக்காரர்களுக்கு எவ்வளவு பெரிய தலைவலி என்று அக்கரை_விசை அண்ணனுக்குத் தெரியும். பணத்தை வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கம்பெனி ஆள் யாரும் குழுவில் உட்காரக் கூடாது, சங்கம் என்ன பேசலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இருக்கக் கூடாது. இதைப் பணம் வரும் முன் பொதுக்குழுவில் முடிவு செய்யுங்கள். காசோலை மேஜையில் இருக்கும்போது கொள்கை பேச முடியாது.

---

மனோரா_மல்லி

சுருக்குமடி பற்றி: 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே திங்கள், வியாழன் என்று வாரம் இரண்டு நாள், அதுவும் 12 கடல் மைலுக்கு அப்பால் என்றுதான் இடைக்காலமாக ஒரு வழி சொன்னது. அந்தச் சண்டையை உங்கள் சங்கம் தீர்க்கவும் போவதில்லை, உங்கள் சங்கத்தால் அது பெரிதாகவும் போவதில்லை. நிகழ்ச்சி நிரலில் அதை வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

நான் மல்லிப்பட்டினம் பக்கம். 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தார்கள், இந்தியாவிலேயே முதலாவது. அறிவித்தது அரசு. ஆனால் வலையில் ஆவுளியா (கடற்பசு) மாட்டினால் வலையை அறுத்து விடுவது யார்? ஒரு வலை என்ன விலை என்று தெரியுமா? அதை அறுத்தவனுக்கு வனத்துறை பாராட்டிப் பரிசு கொடுக்கிறது, நல்லது. பரிசு வாங்க மேடையில் ஏற்றும் ஆளை முடிவெடுக்கும் மேஜையில் உட்கார வைக்க ஏன் இவ்வளவு யோசனை என்பதுதான் எனக்குப் புரியாதது.

முத்துப்பேட்டைக் காயலில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டி அலையாத்தியை மீட்டார்களே, அங்கே ஊர் அளவில் குழு அமைத்துத்தான் வேலை நடந்தது. வாய்க்கால் தூர்ந்தால் தண்ணீர் ஏறாது, நாற்று சாகும். எங்கே தூர்ந்திருக்கிறது என்று தினம் பார்ப்பவன் அங்கே மீன் பிடிப்பவன்தான். கஜா புயல் 2018 நவம்பரில் அந்தக் காட்டைப் புரட்டிப் போட்டபோதும் முதலில் உள்ளே போய்ப் பார்த்தவர்கள் அவர்களே.

---

நாகை_கணக்கு

செயலாளரின் பயத்துக்கு நடைமுறையில் ஒரு தீர்வு இருக்கிறது. எல்லா ஊரையும் செயற்குழுவில் அடைக்க வேண்டாம். பொதுக்குழுவைப் பெரிதாக்குங்கள். சந்தாவைக் குறைத்து, ஒவ்வொரு ஊரிலும் பத்துப் பேராவது உறுப்பினராகட்டும். செயற்குழுவில் ஊர் இடங்கள் மூன்று, அது மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஊர் மாறி ஊர் சுற்றி வரட்டும். கோவில் திருவிழா மண்டகப்படி சுற்றுவது போலத்தான், நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பொதுக்குழு உயிரோடு இருந்தால் இன்னொரு லாபம். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் மனு கொடுத்தால் பதிவாளர் சங்கத்தின் நிர்வாகத்தை விசாரிக்கலாம், சட்டத்தில் இருக்கிறது. இப்போது உங்கள் பொதுக்குழுவும் செயற்குழுவும் ஒரே ஏழு பேர்தானே? அப்படியென்றால் செயலாளரைக் கேள்வி கேட்க அவர் வீட்டிலிருந்தே ஆள் வர வேண்டும்.

---

அக்கரை_விசை

சுற்று முறை நல்லது. கூட்டத் தேதியை ஆகஸ்ட் 29-க்கும் செப்டம்பர் 8-க்கும் நடுவில் வைத்துவிடாதீர்கள். வேளாங்கண்ணித் திருவிழாவில் பஸ்ஸும் கிடைக்காது, ஆளும் கிடைக்காது.

---

உப்பளக்காற்று

பொதுக்குழு நடந்தது. எந்த நாள் கடலுக்குப் போகவில்லை என்று இரண்டு ஊரிலும் கேட்டுத்தான் தேதி வைத்தோம், மாலை நான்கு மணிக்கு. வந்தவர்களுக்கு நாற்காலி போதவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். இருவர் கையெழுத்து, உறவினர் இல்லாத இருவர் என்று தீர்மானம் ஆகிவிட்டது. செயலாளரின் மனைவி தானாகவே விலகிக்கொண்டார், எல்லோரையும்விட அவருக்குத்தான் நிம்மதி போலத் தெரிந்தது. பெண்களுக்கு இரண்டு இடம், ஊர்ச் சுற்று மூன்று இடம் என்று துணைவிதியைத் திருத்தும் சிறப்புத் தீர்மானத்துக்கு நோட்டீஸ் கொடுத்தாயிற்று. பேச்சு சூடாகத்தான் இருந்தது. ஒரு பெரியவர், "பெண்களை ஏன் இதில் இழுக்கிறீர்கள்" என்றார். கருவாடு விற்கும் ஒரு அம்மா, "ஆமை முட்டையை நாய் தின்னாம பாத்துக்கிட்டது யாரு, நீங்களா?" என்று கேட்டார். பெரியவர் அப்புறம் பேசவில்லை.

நலன் முரண் பதிவேட்டுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. நகைக்கடைக்காரர், "என்னைச் சந்தேகப்படுறீங்களா" என்று கோபித்துக்கொண்டார். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். கம்பெனிப் பணம் பற்றிய பேச்சும் பாதியில் நிற்கிறது. கம்பெனி ஆள் குழுவில் வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒன்று. ஆனால் "அவங்க பெயர் போட்ட பனியனை ஆமை நடையில் போடலாமா" என்பதில் அரை மணி நேரம் போய்விட்டது.

செயலாளர் போட்ட சொந்தப் பணத்தை ஓய்வுபெற்ற_காசாளர் ஐயா சொன்னபடி உட்கார்ந்து எழுதினோம். ரசீது இருப்பதைக் கடனாகவும், இல்லாததை நன்கொடையாகவும் ஏற்றிக்கொள்ளலாம் என்று செயலாளரே சொன்னார்.

---

ஓய்வுபெற்ற_காசாளர்

அவர் பெரிய மனிதர். அதைத் தீர்மானமாகவே எழுதி, அவர் கையெழுத்தும் வாங்கி வையுங்கள். பதிவேட்டை விடாதீர்கள். நகைக்கடைக்காரரிடம் தனியாகப் பேசி, முதல் பக்கத்தில் நீங்களே உங்களைப் பற்றி எழுதிக் காட்டுங்கள்.

---

கூடைக்காரி_மகள்

அந்த அம்மாவையே ஒரு இடத்துக்கு நிறுத்துங்கள். நான் அவருக்கு ஓட்டுப் போட உறுப்பினராகவே சேர்ந்துவிடுவேன்.

---

உப்பளக்காற்று

நின்றுவிட்டார், சந்தாவும் கட்டிவிட்டார்.

நாகை_கணக்கு, ஒரு சந்தேகம். சிங்கப்பூர் நண்பருக்கு எழுதிக் கேட்டேன். தான் போகும்போதே விலகல் கடிதம் கொடுத்துவிட்டதாகப் பதில் போட்டிருக்கிறார், நகலும் இணைத்திருக்கிறார். செயலாளர், "அப்போ கோரம் (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச ஆள்) பத்தல சார், அதான்" என்கிறார். பழைய கையெழுத்துகளை என்ன செய்வது?

---

நாகை_கணக்கு

பழைய பக்கங்களில் எதையும் அடிக்காதீர்கள், திருத்தாதீர்கள், கிழிக்கவே கிழிக்காதீர்கள். விலகல் கடித நகலையும் அவர் இப்போது அனுப்பிய பதிலையும் கோப்பில் சேருங்கள். அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்பும் வைத்து, இந்தத் தேதி முதல் இவர் குழுவில் இல்லை, இடைப்பட்ட கூட்டங்களில் இவர் கலந்துகொள்ளவில்லை என்று தீர்மானம் எழுதுங்கள். அதன் நகலோடு படிவம் 7 போடுங்கள், தாமதக் கட்டணம் வரும். அந்தக் கூட்டங்களில் வங்கி, நிலம், கடன் பற்றி ஏதாவது முடிவு எடுத்திருந்தால் அது மட்டும் தனிப் பட்டியலாக வேண்டும், வக்கீல் ஒருவர் பார்க்கட்டும். இவ்வளவும் முடிந்த பிறகு உங்கள் பெயரைப் பொருளாளராக எழுதச் சொல்லுங்கள். அதற்கு ஒரு நாள் முன்னால்கூட வேண்டாம்.